நிகர எடை

காங்கயம் தாண்டித் தாராபுரம் ரோட்டில்
மூன்றாவது கிலோமீட்டர்.
அறுபது டன் தாங்கும் ஓர் இரும்புப் பலகை.
அதன் ஓரத்தில் எட்டுக்கு எட்டு அறை,
ஒரு ஜன்னல், ஒரு கம்ப்யூட்டர், நான்.

வெள்ளெனெ வந்ததும் முதல் வேலை
பலகையைப் பெருக்குவது.
ராத்திரி சிந்திய கொப்பரைச் சில்லு, தவிடு, டயர் மண்,
எல்லாம் சேர்ந்து இருபது கிலோ காட்டும்.
மழை பெய்திருந்தால் நாற்பது.
வழித்துப் போட்டுவிட்டுப் பொத்தானை அமுக்குவேன்.
சிவப்பு எழுத்தில் ஒரு சுழி வந்து நிற்கும்.
வீட்டில் என்ன பேச்சு வாங்கி வந்திருந்தாலும்
அதைப் பார்த்த பிறகுதான்
டீ குடிக்கத் தோன்றும்.

"சித்தெ முன்னால வாங்கண்ணா.
பின் சக்கரம் இன்னும் ஏறலீங்க.
போதும், போதும். எறங்கிக்குங்க."
நாளுக்கு அறுபது முறை இதே மூன்று வரி.
சரக்கோடு ஒரு தடவை, வெறும் வண்டி ஒரு தடவை.
பெரியதில் சிறியது போக மீதி.
பி.காம். படித்தவளுக்கு
இந்த ஒரு கழித்தல் கணக்குப் போதுமா என்று
கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

வைகாசியில் ஒரு கல்யாணம்.
பெங்களூரில் இருக்கும் பெரியம்மா மகள் ஹேமலதா
பந்தியில் பக்கத்து இலை.
"இன்னும் அந்த எடைமேடைலயேவா இருக்கே?"
வாயில் ஒப்புட்டு. தலையை மட்டும் ஆட்டினேன்.
தன் வேலையைப் பற்றி
சாம்பாரில் ஆரம்பித்து மோர் வரைக்கும் சொன்னாள்.
நானும் கவனமாகத்தான் கேட்டேன்.
கடைசிவரை அதில் ஒரு லாரி வரவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு
தகரக் கூரைக்குக் கீழே
எவளும் சந்தோஷமாக இருந்துவிட முடியாது.
சம்பளம் பதினாலாயிரம்.
அதைக் கூட்டச் சொன்னால்
முதலாளி பொங்கியண்ணனுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.
களத்துக்காரர் ஒருவர் வாரம் தவறாமல்
ஜன்னலில் குனிந்து சொல்வார்,
"ஒரு நாப்பது கிலோ சேத்திப் போடு கண்ணு."
"மெசினுங்க. நாஞ் சொன்னா கேக்காதுங்க" என்பேன்.
சிரித்துக்கொண்டே போவார்.
அடுத்த வாரமும் குனிவார்.

வண்டி வராத நேரத்தில்
டன்னு பலகை நடுவில் படுத்துக்கொள்ளும்.
நாய்தான். பேர் வைத்தது டிரைவர்கள்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் மெசினுக்கு.
டன்னு சினையாக இருந்தபோது இருபது.
குட்டி போட்ட மறுவாரம் பத்து.
அரிசிம்பருப்பு டப்பாவைத் திறந்தால்
எழுந்து வந்துவிடும், சுழி திரும்பிவிடும்.
வராவிட்டால் நான் போய் விரட்ட வேண்டும்,
யாரோ நாய்க்கும் சேர்த்துக்
கொப்பரை விலை கொடுத்துவிடக் கூடாது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி.
காலையில் காலியாக எடை போட்டுப் போனதுதான்.
இப்போது மேலே பீரோ, கட்டில், கிரைண்டர்,
கயிற்றுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் குதிரை.
கரூர் வரைக்கும் வாடகை எடைக்கணக்காம்.
முன்சீட்டிலிருந்து ஓர் அம்மா இறங்கினார்.
மடியிலிருந்த கறிவேப்பிலைச் செடியை
உள்ளேயே விடுவதா, கையில் எடுப்பதா என்று
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கையோடு எடுத்துக்கொண்டார்.

அறுநூற்று நாற்பது.

"பதினேழு வருசக் குடித்தனம்ங்க" என்றார்,
"இவ்வளவுதானா?"
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
"பாத்திரமெல்லாம் சேத்தியாங்க?" என்று கேட்டேன்.
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
டிரைவர் கேட்டும் சீட்டைக் கொடுக்கவில்லை.
நாலாக மடித்துத் தன் பர்சில் வைத்தார்.
"எனக்கொன்னு இருக்கட்டும். அவருக்கு வேறொன்னு அடிச்சுக் குடு சாமி."
அடித்துக் கொடுத்தேன்.
இரண்டிலும் என் கையெழுத்து.

எட்டு மணிக்கு ராத்திரி ஆள் சென்னியப்பன் வந்தான்.
செருப்பைக் கழற்றிக்கொண்டே
வழக்கம்போல் கேட்டான்,
"எத்தன வண்டி?"

"அம்பத்தெட்டு" என்றேன்.
"அப்பறம் ஒரு வீடு."